நடத்திய நிகழ்ச்சிகளை எண்ணுவதா சாதனை? பொறியாளர் சங்கங்களின் ஆண்டறிக்கையை எப்படிப் படிப்பது

செப்டம்பர் 15 வந்தால் பொறியாளர் தினம். விஸ்வேஸ்வரய்யா படத்துக்கு மாலை, ஒரு சிறப்புச் சொற்பொழிவு, சால்வை, நினைவுப் பரிசு, கடைசியில் குரூப் போட்டோ. ராத்திரிக்குள் படமெல்லாம் லிங்க்டுஇன்னில் ஏறிவிடும். வருஷக் கடைசியில் அதே படங்கள் ஆண்டறிக்கையாகத் திரும்பி வரும். எத்தனை கருத்தரங்கு, எத்தனை பயிற்சிப் பட்டறை, எத்தனை மாணவர் கிளை, புதிதாக எத்தனை உறுப்பினர், யார் யாருக்கு விருது என்று பக்கம் பக்கமாகக் கணக்கு.

கணக்கில் பொய் இல்லை. கூட்டம் போட்டார்கள், ஆட்கள் வந்தார்கள், நல்ல பேச்சாளர் பேசினார். எல்லாம் நடந்ததுதான். ஆனால் அடுக்குமாடியில் குடியிருப்பவருக்கும், தினமும் லிஃப்டில் ஏறி இறங்குபவருக்கும், மழைத்தண்ணீர் புகுந்து வீட்டுச் சாமான்களை இழந்தவருக்கும் அந்தச் சங்கம் இருந்ததால் என்ன வித்தியாசம் ஏற்பட்டது? அந்த வரியை அறிக்கையில் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது.

இது ஏதோ மூத்த பொறியாளர்களின் உள்விவகாரம் என்று தள்ளிவிட முடியாது. கல்லூரியில் மாணவர் உறுப்பினர், வேலைக்குப் போனதும் இணை உறுப்பினர் என்று சந்தா கட்டுகிற இளைஞர்கள் ஏராளம். “இதுல சேர்ந்தா என்ன சார் பிரயோஜனம்?” என்று அவர்கள் கேட்பதும் நியாயம். அதற்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால், சாதனை என்று எதைச் சொல்கிறோம் என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

சங்கம் என்றால் யூனியனா?

பொறியாளர் சங்கம் என்றதும் சம்பள உயர்வு கேட்டுக் கொடி பிடிக்கும் தொழிற்சங்கம் சிலருக்கு ஞாபகம் வரும். இது வேறு. ஒரே துறையில் வேலை பார்ப்பவர்கள் சேர்ந்து, அந்தத் துறையின் அறிவையும் தரத்தையும் தொழில் ஒழுக்கத்தையும் கவனித்துக்கொள்ள வைத்திருக்கும் அமைப்பு.

அமெரிக்காவில் சிவில் பொறியாளர்கள் 1852-லும், மெக்கானிக்கல் பொறியாளர்கள் 1880-லும், எலெக்ட்ரிக்கல் பொறியாளர்கள் 1884-லும் இப்படிச் சங்கம் அமைத்தார்கள். எலெக்ட்ரிக்கல்காரர்களின் சங்கமும், 1912-ல் தொடங்கிய ரேடியோ பொறியாளர் சங்கமும் 1963-ல் ஒன்றாகின. அதுதான் நம்ம ஊர் இன்ஜினியரிங் கல்லூரிகளில் பலருக்கும் பழக்கமான ஐ-டிரிபிள்-இ. இன்று அதில் 4 லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள்.

இந்தியாவில் பழைய பெரிய அமைப்பு ‘இன்ஸ்டிடியூஷன் ஆஃப் இன்ஜினியர்ஸ்’. இதன் தலைமையகம் கொல்கத்தா என்பது பலருக்குத் தெரியும். 1920-ல் அது பதிவு செய்யப்பட்டது மெட்ராஸில் என்பது அவ்வளவாகத் தெரியாது. 1935-ல் பிரிட்டிஷ் அரசரின் ராயல் சார்ட்டர் கிடைத்தது.

எந்த நாட்டுச் சங்கமாக இருந்தாலும் வேலை மூன்று வகை. ஒன்று, உறுப்பினரை வளர்ப்பது: பயிற்சி, கருத்தரங்கு, போட்டி, விருது. இரண்டு, தொழிலின் தரத்தை எழுதி வைப்பது. மூன்று, பொதுமக்களுக்கு ஆபத்து என்று தெரிந்தால் வாய் திறப்பது. ஆண்டறிக்கையில் முதல் வேலைக்குப் பல பக்கம் கிடைக்கிறது. இரண்டாவதுக்கு ஒரு பத்தி. மூன்றாவதுக்கு இடமே இல்லாமல் போகிறது. சமூகத்துக்கு எது அதிகம் தேவை என்று பார்த்தால், வரிசை அப்படியே தலைகீழ்.

கையில் இருக்கும் சாதனை

இதைப் படிக்கிற போன் வைஃபையில் இருந்தால், ஒரு பொறியாளர் சங்கத்தின் உழைப்பு இப்போது கையில் இருக்கிறது என்று பொருள். வைஃபைக்கு அடிப்படையான 802.11 என்ற தரத்தை 1997-ல் வெளியிட்டது ஐ-டிரிபிள்-இ. அப்போது அதிகபட்ச வேகம் நொடிக்கு 2 மெகாபிட். அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு வேகமும் அதே தரத்தின் திருத்தங்கள்தான்.

எழுதியது யார்? ஒன்றுக்கொன்று போட்டியான கம்பெனிகளில் வேலை பார்க்கும் பொறியாளர்கள். எல்லோரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து, அலைவரிசையை எப்படிப் பகிர்வது, இரண்டு கருவிகள் ஒரே நேரத்தில் பேசினால் யார் பொறுத்திருப்பது என்று வருஷக்கணக்கில் சண்டை போட்டு முடிவுக்கு வந்தார்கள். வாக்களிப்பவர்களில் குறைந்தது 75 சதவீதம் பேர் ஒப்புக்கொண்டால்தான் தரம் நிறைவேறும். எதிர்த்து ஓட்டுப் போட்டவரின் தொழில்நுட்ப ஆட்சேபத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

இவர்களுக்குச் சம்பளம் தருவது பெரும்பாலும் அவரவர் நிறுவனம். அதனால் கம்பெனியின் வியாபார ஆசையும் கூடவே மேஜைக்கு வரும். ஆனாலும் சென்னையில் வாங்கிய லேப்டாப் சிங்கப்பூர் விமான நிலையத்தில் சண்டித்தனம் பண்ணாமல் கனெக்ட் ஆகிறதென்றால், அந்தச் சலிப்பூட்டும் கூட்டங்கள்தான் காரணம். அதற்கு யாரும் சால்வை போர்த்தவில்லை. போட்டோவில் அழகாக வராத வேலை அது.

பாய்லர் வெடித்த பிறகு

இன்னொரு உதாரணம் ரத்தத்தில் எழுதப்பட்டது. 1905 மார்ச் 20, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிராக்டன் என்ற ஊர். அங்கே ஒரு ஷூ தொழிற்சாலையில் பாய்லர் வெடித்தது. கட்டடம் சரிந்து தீப்பிடித்தது. 58 பேர் செத்துப்போனார்கள். அந்தக் காலத்தில் பாய்லர் வெடிப்பது அங்கே அபூர்வமான செய்தி இல்லை. தகடு எவ்வளவு தடிமன் வேண்டும், ரிவெட் எப்படி அடிக்க வேண்டும், எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்பதெல்லாம் செய்கிறவர் மனசுப்படி.

1907-ல் மாசசூசெட்ஸ் சட்டம் போட்டது. ஆனால் மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறினால், பாய்லர் செய்கிறவர் எதைப் பின்பற்றுவார்? 1911-ல் அமெரிக்க மெக்கானிக்கல் பொறியாளர் சங்கம் ஒரு குழு அமைத்தது. 1914-ன் பதிப்பாக, 1915-ல் முதல் பாய்லர் விதித்தொகுப்பு அச்சாகி வந்தது. 114 பக்கம். இன்று அது பல பாகங்களாக விரிந்த பெரிய நூல்வரிசை.

திருச்சி பக்கம் இது புரியாத கதை இல்லை. பெல் தொழிற்சாலையிலும் அதைச் சுற்றியுள்ள ஃபேப்ரிகேஷன் யூனிட்களிலும் இந்த விதித்தொகுப்பு அன்றாடப் பேச்சு. அதன் ஒன்பதாம் பாகம் வெல்டருக்கான தேர்வை வரையறுக்கிறது. வெல்டர் அடித்த துண்டை வளைத்துப் பார்த்து, விரிசல் விடவில்லையென்றால்தான் பாஸ். நூறு வருஷத்துக்கு முன்னால் எங்கோ நடந்த சாவுக்கு ஒரு சங்கம் எழுதிய பதில், இன்றைக்குத் துவாக்குடியில் ஒரு வெல்டரின் கையைச் சரிபார்க்கிறது. ‘இந்த ஆண்டின் சாதனை’ என்று ஒரு சங்கம் எழுதிக்கொள்ள இதைவிடப் பெரிய வரி ஏது?

ஓர் உறுப்பினர் அட்டை எவ்வளவு தூரம் கொண்டுபோகும்?

அப்படியானால் முதல் வகை வேலை, அதாவது உறுப்பினரை வளர்ப்பது, வெட்டிவேலையா? இல்லை. இந்தியாவின் முதல் பெண் பொறியாளர்களில் ஒருவரான அ.லலிதாவின் வாழ்க்கை அதற்குச் சாட்சி.

1919-ல் சென்னையில் தெலுங்குக் குடும்பத்தில் பிறந்தவர். 18 வயதில் கணவரை இழந்தார், கையில் குழந்தை. அப்பா கிண்டி பொறியியல் கல்லூரியில் பேராசிரியர். அதே கல்லூரியில் எலெக்ட்ரிக்கல் படித்து, 1940-களில் பட்டம் வாங்கினார். கல்கத்தாவில் ஒரு நிறுவனத்தில் மின்தொடர்களையும் துணைமின் நிலையங்களையும் வடிவமைக்கும் வேலை. பக்ரா நங்கல் அணைத் திட்டத்துக்கான மின்சார வேலைகளிலும் அவர் பங்கு உண்டு.

பெண் என்றால் சைட்டுக்கு அனுப்பவே யோசிக்கும் காலம். அந்த நிலையில் 1953-ல் லண்டனின் எலெக்ட்ரிக்கல் பொறியாளர் சங்கம் அவரை இணை உறுப்பினராக ஏற்றது. 1966-ல் முழு உறுப்பினர். 1964-ல் நியூயார்க்கில் நடந்த முதல் சர்வதேசப் பெண் பொறியாளர், விஞ்ஞானிகள் மாநாட்டுக்கும் போய்வந்தார். வேலை பார்த்த இடத்துக்கு வெளியே, ‘இவர் பொறியாளர்தான்’ என்று சக பொறியாளர்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த அங்கீகாரம் அது.

உறுப்பினர் நடவடிக்கை என்பதன் நல்ல அர்த்தம் இதுதான். 24 மணி நேரம் தொடர்ந்து நடக்கும் ஐ-டிரிபிள்-இ கோடிங் போட்டியில் கலந்துகொள்ளும் ஒரு சின்ன ஊர்க் கல்லூரி மாணவிக்கும் அப்படியொரு கதவு திறக்கலாம். ஆகவே நிகழ்ச்சிகளை நடத்த வேண்டாம் என்பது வாதம் இல்லை. எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணுவதோடு, வந்தவர்களில் எத்தனை பேருக்குக் கதவு திறந்தது என்றும் எழுத வேண்டும் என்பதே வாதம்.

வாய் திறந்தவரோடு நின்றார்களா?

மூன்றாவது வேலைதான் கஷ்டமானது. 1970-களின் தொடக்கத்தில் சான் பிரான்சிஸ்கோ பகுதியில் ‘பார்ட்’ என்ற புதிய மெட்ரோ ரயில் கட்டிக்கொண்டிருந்தார்கள். ரயிலைத் தானாக ஓட்டும் கட்டுப்பாட்டு அமைப்பு சரியாகச் சோதிக்கப்படவில்லை என்று மூன்று பொறியாளர்களுக்குக் கவலை. மேலதிகாரிகளிடம் சொன்னார்கள், பலன் இல்லை. நிர்வாகக் குழு உறுப்பினர் ஒருவரிடம் விஷயத்தைக் கொண்டுபோனார்கள். 1972 மார்ச்சில் மூவருக்கும் வேலை போனது.

அந்த ஆண்டு செப்டம்பரில் ரயில் ஓட ஆரம்பித்தது. அக்டோபர் 2 அன்று ஃப்ரீமான்ட் நிலையத்தில் ஒரு ரயில் நிற்காமல், தண்டவாளத்தின் முடிவைத் தாண்டிப் பாய்ந்தது. சிலருக்குக் காயம். காரணம், தானியங்கிக் கட்டுப்பாட்டில் இருந்த ஒரு சின்ன மின்னணுப் பாகத்தின் கோளாறு.

மூவரும் வழக்குப் போட்டார்கள். 1975-ல் ஐ-டிரிபிள்-இ அந்த வழக்கில் தானாக முன்வந்து நீதிமன்றத்தில் ஒரு மனு தாக்கல் செய்தது. பொதுமக்களின் பாதுகாப்பைக் காப்பது பொறியாளரின் தொழில் கடமை. அது அவருடைய வேலை ஒப்பந்தத்துக்குள் சொல்லாமலே அடங்கியிருக்கிறது. அதைச் செய்ததற்காக வேலையைப் பறிப்பது ஒப்பந்த மீறல். மனுவின் சாரம் இவ்வளவுதான்.

கதை சினிமா மாதிரி முடியவில்லை. ஆரம்பத்தில் அந்த மூவரும் கையெழுத்து இல்லாத குறிப்பு எழுதியதும், தாங்கள் எழுதவில்லை என்று சொன்னதும் அவர்களுக்கே பாதகமானது. தீர்ப்பு வரும் முன்பே சமரசம் ஆயிற்று. சங்கம் முன்வைத்த வாதத்துக்கு நீதிமன்றம் பதில் சொல்லும் வாய்ப்பே வரவில்லை. ஆனாலும் 1978-ல் ஐ-டிரிபிள்-இ-யில் பொதுநலச் சேவைக்கான விருதை அந்த மூவருக்கும் கொடுத்தார்கள். வேலையிலிருந்து துரத்தப்பட்டவர்களை மேடையேற்றிக் கௌரவித்த அந்த விருது, சங்கம் யார் பக்கம் என்பதை ஊருக்குச் சொன்னது. விருதுப் பட்டியலைப் படிக்கும்போது பார்க்க வேண்டியது இதைத்தான்: பதவியில் இருப்பவருக்கு மட்டும் போகிறதா, பதவியைப் பணயம் வைத்தவருக்கும் போகிறதா?

சொந்த வேலைக்கே ‘டி’ போட்ட சங்கம்

தன் தொழில் கட்டிய பொருள்களுக்குத் தானே மார்க் போடும் தைரியம் எத்தனை பேருக்கு வரும்? அமெரிக்க சிவில் பொறியாளர் சங்கம் 1998 முதல் நாட்டின் சாலை, பாலம், குடிநீர், அணை, கழிவுநீர் எல்லாவற்றுக்கும் ரேங்க் கார்டு கொடுத்துவருகிறது. இப்போது நான்கு வருஷத்துக்கு ஒரு முறை. முதல் கார்டில் மொத்த மதிப்பெண் ‘டி’. 2017-ல் ‘டி பிளஸ்’. 2021-ல் ‘சி மைனஸ்’. 2025-ல் ‘சி’, இத்தனை வருஷத்தில் அந்தச் சங்கம் கொடுத்த அதிகபட்ச மார்க்கே அதுதான். அதிலும் மழைநீர் வடிகாலுக்கும் பொதுப் போக்குவரத்துக்கும் ‘டி’.

பள்ளிக்கூட மார்க் மாதிரி இருப்பதால் டீக்கடையிலும் பேசலாம், சட்டமன்றத்திலும் காட்டலாம். இதில் ஒரு நியாயமான சந்தேகமும் உண்டு. ‘மார்க் குறைத்துப் போட்டால் அரசு அதிகம் செலவு செய்யும், செலவு செய்தால் வேலை கிடைப்பது அதே பொறியாளர்களுக்குத்தானே?’ சந்தேகம் சரிதான். அதனால்தான் எந்த அடிப்படையில் மார்க் போட்டார்கள் என்பதையும் சேர்த்து வெளியிட வேண்டியிருக்கிறது. பார்த்து யார் வேண்டுமானாலும் மறுக்கலாம். மறுக்க முடிகிற மாதிரி ஒரு கருத்தைப் பொதுவில் வைப்பதே பெரிய விஷயம்.

சென்னையின் மழைநீர் வடிகாலுக்கு இங்குள்ள சிவில் பொறியாளர்கள் சேர்ந்து இப்படி ஒரு கார்டு கொடுத்தால் எப்படியிருக்கும்? ஒவ்வொரு டிசம்பரிலும் டிவி விவாதத்தில் ஆளுக்கொரு கதை சொல்வதற்குப் பதிலாக, கையில் ஒரு காகிதமாவது இருக்கும்.

இங்கே என்ன சிக்கல்?

இந்தியாவில் வக்கீலுக்கு 1961-ன் சட்டம் உண்டு. ஆடிட்டருக்கு 1949-ன் சட்டம். கட்டடக் கலைஞருக்கு 1972-ன் சட்டம். பொறியாளர் தொழிலுக்கு நாடு முழுமைக்கும் பொருந்தும் அப்படியொரு சட்டம் இல்லை. குஜராத் சிவில் பொறியாளர்களுக்காக 2006-ல் மாநில அளவில் சட்டம் போட்டது. தமிழ்நாட்டில் 2019-ன் ஒருங்கிணைந்த கட்டட விதிகள் பொறியாளர், கட்டமைப்புப் பொறியாளர் என்று பதிவு செய்யும் முறையை வைத்திருக்கிறது. மற்றபடி, தப்பு செய்த பொறியாளரைத் தொழிலிலிருந்து விலக்கிவைக்க, பார் கவுன்சில் போல ஒரு தேசிய அமைப்பு கிடையாது.

2014 ஜூன் 28-ல் சென்னை மவுலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் இடிந்து விழுந்து 61 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் பிழைப்புக்கு வந்த கட்டடத் தொழிலாளர்கள். பக்கத்தில் நின்ற இரண்டாவது கட்டடத்தை 2016 நவம்பரில் வெடி வைத்துத் தகர்த்தார்கள்; அந்த வீடியோ எல்லோர் போனிலும் ஓடியது. போலீஸ் வழக்கு, விசாரணை ஆணையம், நீதிமன்றம் எல்லாம் தம் வேலையைப் பார்த்தன. ஆனால் அவை தேடுவது ‘குற்றவாளி யார்’ என்ற பதிலை. ‘அடுத்த கட்டடத்தில் இதே தவறு நடக்காமல் இருக்க, சைட்டில் நிற்கிற ஜூனியர் இன்ஜினியர் எதைக் கவனிக்கணும்?’ என்பது வேறு கேள்வி. அதற்குப் பதில் சொல்ல வேண்டிய இடம் தொழில் சங்கங்கள்தான்.

பிரிட்டனில் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். 2005 முதல் ‘கிராஸ்’ என்ற அமைப்பு அங்கே இயங்குகிறது. கட்டமைப்புப் பொறியாளர் சங்கமும் சிவில் பொறியாளர் சங்கமும் அதற்குப் பின்னால் இருக்கின்றன. சைட்டில் ஏதோ சரியில்லை என்று பார்த்தவர் ரகசியமாக எழுதி அனுப்பலாம். பெயர், ஊர், கம்பெனி எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, நிபுணர்கள் தங்கள் கருத்தைச் சேர்த்து எல்லோரும் படிக்க வெளியிடுவார்கள். விமானத் துறையில் முன்பே இருந்த முறையைப் பார்த்துச் செய்தது. லண்டன் கிரென்ஃபெல் டவர் தீயில் 72 பேர் இறந்ததற்குப் பிறகு, 2021-ல் தீப் பாதுகாப்பையும் சேர்த்துக்கொண்டார்கள். ‘தப்பு நடக்க இருந்தது, நடக்கவில்லை’ என்ற ரகத் தகவல்தான் இதில் தங்கம். நம்ம ஊரில் அந்தத் தகவல் டீ பிரேக்கில் பேசி அதோடு மறைந்துபோகிறது.

இன்னொரு சிக்கலும் சொல்ல வேண்டும். டிப்ளமோ முடித்து வேலைக்குப் போனவர்கள், ராத்திரி கண் விழித்துப் படித்து ஏஎம்ஐஇ தேர்வு எழுதிப் பொறியாளர் ஆனது ஒரு காலம். கல்லூரிக்குப் போக வசதி இல்லாதவர்களுக்கு இன்ஸ்டிடியூஷன் ஆஃப் இன்ஜினியர்ஸ் கொடுத்த ஏணி அது. மத்திய அரசு வேலைகளில் அதைப் பட்டத்துக்குச் சமமாகக் கருதும் ஏற்பாடு 2013 மே 31 வரை சேர்ந்தவர்களுக்கு என்று 2012-ல் உத்தரவு வந்தது. பிறகு சேர்ந்தவர்களுக்கு அந்த ஏணியின் மேல்படி ஆடத் தொடங்கியது. ஒரு தொழில் சங்கத்தின் பலத்தைச் சோதிக்க இதுவும் அளவுகோல்: தன் வழியாக மேலே வர நினைத்த, பின்புலம் இல்லாத ஆளுக்காக அது எவ்வளவு தூரம் போராடியது என்று அறிக்கையில் இருக்க வேண்டும்.

“சும்மா குறை சொல்லாதீங்க”

சங்க நிர்வாகிகள் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. கிளைப் பொறுப்பாளர்களில் பலர் சம்பளம் வாங்காதவர்கள். ஆபீஸ் முடிந்து, சனிக்கிழமை குடும்பத்தை விட்டுவிட்டு வந்து ஹால் புக் பண்ணுவது, பேச்சாளரை அழைப்பது, ஸ்பான்சர் தேடுவது எல்லாம் அவர்கள்தான். “நாங்க போலீஸும் இல்ல, கோர்ட்டும் இல்ல. எங்களுக்கு எந்த அதிகாரமும் இல்லாம பாலத்தைப் பத்திப் பேசினா, நாளைக்கு வக்கீல் நோட்டீஸ் வரும்” என்பது அவர்கள் பதில். ஸ்பான்சர் செய்கிற சிமென்ட் கம்பெனியையும் பில்டரையும் பகைத்துக்கொண்டு எத்தனை கூட்டம் நடத்த முடியும் என்பதும் உண்மையான கேள்வி.

ஆனால் பாய்லர் விதி எழுதியபோது மெக்கானிக்கல் சங்கத்துக்கும் சட்ட அதிகாரம் இல்லை. எழுதியது நன்றாக இருந்ததால் அரசுகள் அதை எடுத்துக்கொண்டன. ரேங்க் கார்டு போடவும் யாரும் உரிமம் தரவில்லை. இந்த வேலைகளுக்குத் தேவைப்பட்டது விஷயம் தெரிந்தவர்களின் கூட்டுக் கையெழுத்து. தனி ஒருவர் பேசினால் வேலை போகும். ஆயிரம் பேர் சேர்ந்து ஒரு தொழில்நுட்ப அறிக்கை வெளியிட்டால் அதை அலட்சியம் செய்வது கஷ்டம். சங்கம் எதற்கு என்ற கேள்விக்கு இதைவிட நேரான பதில் இல்லை.

அறிக்கையில் வரவேண்டிய ஐந்து விஷயங்கள்

நிகழ்ச்சிப் பட்டியலை எடுத்துவிட வேண்டாம். அதோடு கீழே உள்ளவற்றையும் சேர்த்தால் போதும்.

1. இந்த ஆண்டு எந்தெந்தத் தரத்துக்கு, எந்த வரைவுக்குச் சங்கம் எழுத்தில் கருத்து அனுப்பியது? அதில் எது ஏற்கப்பட்டது?

2. மாநிலத்தில் நடந்த பெரிய விபத்து, இடிபாடு, வெள்ளம் எதிலிருந்தாவது பொறியாளர்கள் கற்க வேண்டியதை எளிமையாக எழுதி வெளியிட்டார்களா?

3. பாதுகாப்பைப் பற்றிப் பேசியதால் சிக்கலில் மாட்டிய உறுப்பினர் உதவி கேட்டாரா? பெயரைச் சொல்லாமல், எண்ணிக்கையும் என்ன செய்தோம் என்பதும் போதும்.

4. ஒழுக்க விதியை மீறியதாக எத்தனை புகார் வந்தது, எத்தனை முடிந்தது?

5. ஸ்பான்சர் பணம் யாரிடமிருந்து, எவ்வளவு?

எந்த வருஷமாவது மூன்றாவது வரியில் ‘பூஜ்யம்’ என்று வந்தால் வெட்கப்பட ஒன்றுமில்லை. அந்த வரியே இல்லாமல் இருப்பதுதான் பிரச்சினை.

சரி, சேரலாமா வேண்டாமா?

சேரலாம். ரெஸ்யூமேயில் ஒரு வரி ஏறும் என்பதற்காக மட்டும் சேர்ந்தால், சந்தா கட்டிய ரசீதுதான் மிஞ்சும். வேலை செய்கிற குழு எது என்று கேட்டுச் சேர்ந்தால் கதை மாறும்.

இந்தியத் தரங்களை வெளியிடும் பிஐஎஸ், புதிய தரத்தின் வரைவைப் பொதுமக்கள் கருத்துக்காக வெளியிடுகிறது. கான்க்ரீட் கட்டுமானத்துக்கான ஐஎஸ் 456 போன்ற தரங்களைத் தயாரிக்கும் குழுக்களில் தொழில் சங்கங்களின் பிரதிநிதிகளுக்கும் இடம் உண்டு. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியன் கான்க்ரீட் இன்ஸ்டிடியூட் அப்படி ஒரு சங்கம். ஐஎஸ் 456 முதன்முதலில் 1953-ல் வந்தது. நான்காவது திருத்தம் 2000-ல். இரண்டு திருத்தங்களுக்கு நடுவே ஒரு தலைமுறையே ரிட்டயர் ஆகிவிடுகிறது. சைட்டில் கம்பி கட்டுவதில் எந்த விதி நடைமுறையில் ஓடாது என்பது 28 வயதுப் பொறியாளருக்குத்தான் நன்றாகத் தெரியும். அவர் சொல்வது குழுவில் இருக்கும் பேராசிரியர் காதுக்குப் போக வேண்டும். அந்தப் பாலம்தான் சங்கம்.

எனவே அடுத்த முறை “மெம்பர்ஷிப் எடுத்துக்கோ தம்பி, தள்ளுபடி இருக்கு” என்று யாராவது படிவத்தை நீட்டினால், மரியாதையாக ஒரு கேள்வி கேட்கலாம்: “சார், போன மூணு வருஷ ஆண்டறிக்கை கிடைக்குமா? நம்ம சங்கம் எந்த வரைவுக்குக் கருத்து அனுப்பிச்சுதுன்னு பார்க்கணும்.” பதில் இருந்தால் அன்றைக்கே பணம் கட்டலாம். இல்லையென்றாலும் கட்டலாம், ஆனால் அடுத்த பொதுக்குழுவில் முதல் ஆளாக எழுந்து அதே கேள்வியைக் கேட்க வேண்டும்.